வேலைக்கும் ஒரு ஊர்க் கணக்கு: செவிலிமேட்டை வைத்து ஒரு பாடம்

"மாவட்டத்துல வேலை பெருகணும்னா என்ன செய்யணும்?" என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் "கம்பெனி வரணும்" என்பார்கள். ஓட்டு கேட்டு வருகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

அந்தப் பதிலை முழுசாகச் செய்து பார்த்த மாவட்டம் காஞ்சிபுரம். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. வேலையும் வந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது என்ன ஆச்சு? ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதில் கிராமத்துப் பெண்கள் பலர், வேலையில்லாமல் வீடு திரும்பினார்கள். கைபேசி செய்ய ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் காஞ்சிபுரத்தில் முடிவாகிற விஷயம் இல்லை.

ஆலையே வேண்டாம் என்று சொல்வது இந்தப் பாடத்தின் நோக்கம் இல்லை. ஒற்றைக் காலில் நிற்கிற ஊர் சீக்கிரம் விழும். இரண்டாவது கால் ஒன்று நம்மிடமே இருக்க வேண்டும். அதற்கு முதல் வேலை ஒரு கணக்கு. வெளியிலிருந்து எத்தனை வேலை வரும் என்று கேட்பதற்கு முன்னால், நம் ஊரிலிருந்து எத்தனை வேலை தினமும் லாரி ஏறிப் போகிறது என்று எண்ண வேண்டும்.

வயலும் தறியும் பக்கத்துப் பக்கத்தில்

எடுத்துக்காட்டாகச் செவிலிமேட்டை எடுத்துக்கொள்வோம். காஞ்சிக்குத் தெற்கே, பாலாற்றின் வடகரையில் இருக்கிறது. வந்தவாசி போகும் சாலை இங்கேதான் ஆற்றைக் கடக்கிறது. இராமானுசர் வரதராசப் பெருமாளுக்குத் தண்ணீர் எடுத்துப் போனதாகச் சொல்லப்படும் சாலைக்கிணறு இந்தப் பக்கம்தான். தனிப் பேரூராட்சியாக இருந்த ஊர் 2011-ல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்க்கப்பட்டது. 2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டதால் இப்போது மாநகராட்சிப் பகுதி. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தறி, நடுவில் மனை விற்கும் பலகை. நகரத்தை ஒட்டிய எந்த ஊருக்கும் இதுதான் நிலை. அதனால் இங்கே பொருந்தும் கணக்கு உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

முதலில் தறியைப் பாருங்க. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகையில் பெரும்பங்கு குஜராத்தின் சூரத்திலிருந்து வருகிறது. நெய்த சேலை சென்னை தியாகராய நகருக்குப் போகிறது. ஊரில் தங்குவது சாயக்கூலி, பாவுக்கூலி, நெசவுக்கூலி இவைதான். கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு நாடாவைப் போட உதவி ஆள் வேண்டும். பாவு ஓட, பிணைக்க, தார் சுற்ற என்று ஒரு தறியைச் சுற்றி நாலைந்து பேருக்குப் பிழைப்பு இருக்கிறது. நூலும் சரிகையும் விலை ஏறும்போதெல்லாம் இந்தக் கூலியில்தான் கை வைக்கிறார்கள்.

இப்போது வயலைப் பாருங்க. நெல் நெல்லாகவே மூட்டை கட்டிப் போகிறது. அதே நெல் எங்கேயோ அரைபட்டு, பாலிஷ் ஆகி, பளபளக்கும் பையில் ஊர்க் கடைக்குத் திரும்புகிறது. வேர்க்கடலை போகிறது, எண்ணெய் பாக்கெட் வருகிறது. உளுந்தை விற்கிறோம், அப்பளம் வாங்குகிறோம். உழவர் வீட்டுக் கல்யாணச் சேலையைத் தி. நகரில் வாங்குகிறோம், அதை நெய்தவர் நாலு தெரு தள்ளி இருக்கிறார். அந்த நெசவாளர் வீட்டு அரிசியோ வேறு மாவட்டத்திலிருந்து வருகிறது. ஒரே ஊரில் இருக்கும் உழவருக்கும் நெசவாளருக்கும் நடுவில் இத்தனை பேர் நிற்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் எடுத்துப் போவது நம் ஊர் வேலையைத்தான்.

கணக்கு எடுப்பது நமக்குப் புதுசு இல்லை

1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டு சாகீரில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து பதிவு செய்தார். காஞ்சிபுரம் வட்டாரமும் அந்தச் சாகீரில்தான் இருந்தது. வரி வசூலுக்காக எடுத்த கணக்குதான் அது. ஆனால் அதை ஆராய்ந்த தரம்பால் போன்றவர்கள் வழியாக நமக்குத் தெரியவரும் செய்தி முக்கியமானது. களத்து மேட்டில் நெல்லைப் பங்கு பிரிக்கும் முன்பே தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், கணக்குப்பிள்ளை, வெட்டியான், கோயில் என்று ஒவ்வொருவருக்கும் உரிய அளவை எடுத்து வைத்தார்கள். 'சுதந்திரம்' என்பது அதற்குப் பெயர். விளைச்சல் ஊரை விட்டுப் போகும் முன் ஊருக்குள் பல கைகளுக்குப் போனது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று யாரும் நினைக்க வேண்டாம். குவியலில் பெரும்பங்கு யாருக்குப் போனது, சேற்றில் இறங்கியவருக்கு எவ்வளவு கிடைத்தது, யாருக்கு நிலமே கிடையாது என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. அந்த முறை நமக்கு வேண்டாம். இந்த விளைச்சலில் எத்தனை பேருக்குப் பிழைப்பு இருக்கிறது என்று கேட்கும் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அந்தக் கேள்வியை நம் காலத்தில் கேட்டவர் ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காளர் தொழில் படித்தவர். காந்தியடிகளோடு சேர்ந்த பிறகு, 1930-ஐ ஒட்டி, குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் மாணவர்களோடு ஊர் ஊராகப் போய் வரவு செலவு எழுதினார். திட்டம் பிறகு, கணக்கு முதலில் என்பது அவர் வழி. 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்தார்.

இன்னும் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு, பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கம். அதுவும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்தான். 1996-ல் அங்கே ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி வேதிப் பொறியாளர். நம் ஊர்க் குடும்பங்கள் மாதாமாதம் என்னென்ன வாங்குகின்றன, அதில் எதை நாமே செய்யலாம் என்று கணக்குப் பார்த்தார். ஒரே ஊரால் எல்லாவற்றையும் செய்ய முடியாது. பக்கத்து ஊர்கள் சிலவற்றைச் சேர்த்து, ஓர் ஊர் எண்ணெய், ஓர் ஊர் பருப்பு, ஓர் ஊர் சோப்பு என்று பிரித்துக்கொண்டு, தங்களுக்குள் வாங்கி விற்க வேண்டும் என்பது அவர் சொன்ன வழி.

ஒரு ஏக்கரில் எத்தனை வேலை?

இப்போது தாளும் பேனாவும் எடுங்க. கீழே இருக்கும் எண்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் வயலின் எண்ணை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஏக்கரில் தூயமல்லி, இயற்கை முறையில், 75 கிலோ மூட்டையாக 15 மூட்டை என்று வைத்துக்குவோம். மொத்தம் 1,125 கிலோ. நெல்லாகக் கிலோ 25 ரூபாய்க்குக் கொடுத்தால் 28,125 ரூபாய்.

அதையே காய வைத்து, அரைத்து அரிசியாக்கினால் 100 கிலோ நெல்லுக்கு 60 முதல் 65 கிலோ வரை கிடைக்கும். 700 கிலோ என்று வைப்போம். கிலோ 65 ரூபாய் என்றால் 45,500 ரூபாய். வித்தியாசம் 17,375 ரூபாய். தவிடும் உமியும் தனி. தவிடு நம் மாட்டுக்கு ஆகும்.

25 ஏக்கருக்குப் பார்த்தால் வித்தியாசம் 4,34,375 ரூபாய். அரைவைக் கூலி, பை, வண்டி வாடகை, சேதம் என்று பாதி போனாலும் 2,17,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 18,000 ரூபாய். ஆக, 25 ஏக்கர் நெல்லை அரிசியாக்கி விற்றால் ஓர் ஆளுக்கு வருசம் முழுக்கச் சம்பளம். நெல்லாகவே ஏற்றி அனுப்பும்போது அந்த வேலையையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறோம்.

"சரிங்க, வாங்குறது யாரு?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 25 ஏக்கரில் கிடைக்கும் அரிசி 17,500 கிலோ. ரேஷனில் இலவச அரிசி கிடைப்பதால், ஒரு குடும்பம் விலைக்கு வாங்குவது மாதம் 10 கிலோ என்று குறைத்தே வைப்போம். வருசத்துக்கு 120 கிலோ. அப்படியென்றால் 146 குடும்பங்கள் தேவை. காஞ்சி நகரத்தில் 146 குடும்பம் என்பது இரண்டு மூன்று தெரு. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினர்களிடம் பேசி மாதாந்தரப் பதிவு வாங்கினாலே பெரும்பகுதி முடிந்துவிடும். கூலி கைக்கு வரும் நாளில் பணம் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்க. நெசவாளர் வீட்டு வரவு எப்படி என்பது நமக்குத் தெரியும், மளிகைக் கம்பெனிக்குத் தெரியாது.

கோயில் நகரத்துக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. காஞ்சிபுரம் இட்லிக்குப் பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் வேண்டும்; மந்தாரை இலையும் வேண்டும். மிளகும் சீரகமும் வெளியிலிருந்துதான் வர முடியும். அரிசி, உளுந்து, நெய், இலை, பூசைக்கான பூ, துளசி இவற்றை நாமே தரலாம்.

எழுத வேண்டிய ஐந்து கணக்குகள்

ஊரில் ஐந்தாறு பேர், அதில் பாதிக்குமேல் பெண்கள், ஒரு நோட்டோடு உட்காருங்கள். வீட்டுச் செலவு விவரம் பெண்களிடம்தான் சரியாக இருக்கும்.

1. போகும் பொருள்: எந்தப் பொருள், எந்த மாதம், எத்தனை மூட்டை, என்ன விலைக்கு, எந்த உருவில் போகிறது? நெல்லாகவா அரிசியாகவா, பாலாகவா நெய்யாகவா?

2. வரும் பொருள்: 30 வீடுகளில் ஒரு மாத மளிகைச் சீட்டை வாங்கிப் பாருங்கள். எண்ணெய், மாவு, பொடி, சோப்பு, மாட்டுத்தீவனம், உரம், விதை, எல்லாவற்றையும் எழுதுங்கள். இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் கடைசி மூன்றையும் கவனமாகப் பார்க்கணும். சாணமும் மூத்திரமும் வீணாகப் போக, "இயற்கை இடுபொருள்" என்று பாட்டில் பாட்டிலாக வாங்கினால் அதுவும் ஓட்டைதான்.

3. ஆள் கணக்கு: யாருக்கு என்ன கைத்தொழில் தெரியும், எந்த மாதம் வேலை இல்லை? மழைக்காலத்தில் பாவு ஓட முடியாது, சாயம் காயாது. நடவும் களையும் வருவது வேறு மாதங்களில். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால்தான் எந்த வேலையை எந்த மாதத்தில் வைப்பது என்று தெரியும்.

4. நீர்க் கணக்கு: கிணறு எத்தனை, எந்த மாதம் வற்றுகிறது, எத்தனை ஏக்கர் தாங்கும்? பாலாறு வருசத்தில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. காஞ்சி நகரத்துக் குடிநீருக்கும் அந்த ஆற்றுப்படுகைதான் ஆதாரம். நீரை விட்டுவிட்டு வேலையை மட்டும் எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு மேல்பாலாறே சாட்சி. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகள் ஏற்றுமதியும் வேலையும் தந்தன. கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கி நிலங்கள் உப்பாகின. 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது; உப்பான கிணறு அதனால் நன்னீராகிவிடவில்லை. நம் மாவட்டத்து உத்திரமேரூரில், 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்ததைப் படிக்கிறோம். அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் ஏரிக்கென்று பொறுப்பானவர்களைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்தார்கள்.

5. நிலக் கணக்கு: எத்தனை ஏக்கர் பயிர், எத்தனை ஏக்கர் தரிசு, எத்தனை ஏக்கர் மனையாகிவிட்டது? நகரத்தை ஒட்டிய ஊருக்கு இதுதான் உயிர்நாடி. வயல் மனையாகிவிட்டால் மற்ற நாலு கணக்கும் வெறும் தாள்.

எந்த வேலையை முதலில் எடுப்பது?

கணக்கு கையில் வந்தவுடன் ஆசை பெருகும். அடக்கிக்கொண்டு நாலு கேள்வி கேளுங்கள். மூலப்பொருள் ஊரில் இருக்கிறதா? நீர் தாங்குமா? வாங்குபவர் சைக்கிள் போகும் தூரத்தில் இருக்கிறாரா? ஒரு வருசம் லாபம் வராவிட்டாலும் தாங்குமா? நாலுக்கும் 'ஆம்' என்றால் இறங்கலாம். அரிசியும் செக்கு எண்ணெயும் பல ஊர்களில் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

மல்பெரியைப் பார்ப்போம். பட்டு நெய்யும் ஊரில் பட்டுப்புழு வளர்த்தால் என்ன என்று தோன்றும். தோன்றணும். ஒரு முறை நட்ட மல்பெரி சுமார் 15 வருசம் இலை தரும். ஒரு வளர்ப்பு ஒரு மாதத்துக்குள் முடியும். மருந்து பட்ட இலையைத் தின்றால் புழு செத்துவிடும் என்பதால் இது இயற்கை உழவருக்கு ஏற்ற தொழில்தான். ஆனால் பக்கத்து வயல்காரர் மருந்து அடித்தால் காற்றில் வந்து நம் புழுவைக் கொல்லும். புழுவுக்குச் சுமார் 24 முதல் 28 டிகிரி சூடு வேண்டும். காஞ்சியின் சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டு வீட்டில் அது நடக்காது. கூடு விளைந்தாலும் நூல் எடுக்கும் ஆலை பக்கத்தில் இல்லையென்றால் கூடாகவே விற்க வேண்டியதுதான். நெல்லை நெல்லாக விற்ற கதைதான் அது. ஆகவே இரண்டு மூன்று பேர் கால் ஏக்கர், அரை ஏக்கரில், ஆடி முதல் மாசி வரை செய்து பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது. பட்டு வளர்ச்சித் துறை நாற்றுக்கும் கொட்டகைக்கும் மானியம் தருகிறது. மானியம் இருக்கிறது என்பதற்காக மட்டும் தொடங்காதீர்கள்.

கணக்கைத் திட்டமாக்குவது

நோட்டு வீட்டிலேயே இருந்தால் பயன் இல்லை. 1992-ல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களைத் தொகுத்து மாவட்ட வளர்ச்சித் திட்ட வரைவைத் தயாரிப்பது அதன் வேலை. குழுவில் ஐந்தில் நாலு பங்குக்குக் குறையாமல், உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும். நீரைப் பகிர்வதையும் சுற்றுச்சூழலைக் காப்பதையும் அது கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. கீழேயிருந்து திட்டம் போகாத இடத்தில், மேலேயிருந்து வருவதுதான் திட்டமாகிவிடும்.

கேரளத்தில் 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் இதைச் செய்து காட்டியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வோர் ஊராட்சியும் முதலில் தன் ஊர் வளர்ச்சி அறிக்கையை எழுதியது. பிறகுதான் திட்டம் போட்டது.

ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் கணக்கை வாசித்து, "நெல் உலர்த்தும் களம் வேண்டும், சிறு அரைவை இயந்திரம் வேண்டும், ஏரி வரத்துக்கால் தூர வேண்டும்" என்று குறிப்பாகத் தீர்மானம் போட்டு, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். "வேலைவாய்ப்பைப் பெருக்க வேண்டும்" என்ற பொதுத் தீர்மானத்தால் ஒன்றும் ஆகாது.

செவிலிமேடு போல மாநகராட்சிக்குள் வந்துவிட்ட ஊருக்குக் கிராம சபை கிடையாது. ஆனால் 2022 முதல் தமிழ்நாட்டில் வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. அங்கே தெருவிளக்கு, சாக்கடை மட்டும் பேசுவார்கள். நீங்கள் வயலையும் களத்தையும் பேசுங்கள். நகரத் திட்டமிடல் துறை முழுமைத் திட்ட வரைவை வெளியிட்டால், மக்களிடம் ஆட்சேபணை கேட்க வேண்டும் என்பது சட்டம். எந்தச் சர்வே எண் விவசாயம், எது குடியிருப்பு, எது தொழில் என்று முடிவாவது அந்த வரைபடத்தில்தான். நம் நிலக் கணக்கைத் தேதி தவறாமல் எழுத்தில் கொடுக்க வேண்டிய இடம் அது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022 முதல் ஏகனாபுரம் மக்கள் போராடுவதைப் பார்க்கிறோம். அறிவிப்பு வந்த பிறகு போராடுவது எவ்வளவு கடினம் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

யாரை விட்டுவிடக் கூடாது?

நிலமில்லாத உழைப்பாளர்களை. அரிசியாக்கி விற்று வந்த 17,375 ரூபாய் முழுவதும் நிலக்காரர் பைக்கே போனால் அது வேலைத் திட்டம் ஆகாது. அரைவை, சலிப்பு, பொட்டலம், வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது, கணக்கு எழுதுவது ஆகிய வேலைகள் முதலில் நிலமில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு என்று தொடக்கத்திலேயே எழுதி வையுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கப் பத்து உற்பத்தியாளர் இருந்தால் போதும். ஆனால் பதிவு கடைசி வேலை. முதலில் ஒரு பருவம் சேர்ந்து விற்றுப் பாருங்கள். கணக்கு நேராக இருந்தால் பிறகு பதிவு செய்யலாம். பெண்கள் வீட்டில் இருந்தபடி செய்யும் சலிப்புக்கும் புடைப்புக்கும் கூலி எழுதாமல் லாபம் காட்டாதீர்கள். அது லாபம் இல்லை, அவர்கள் கூலி.

இந்த மாத வேலை

உங்கள் தெருவில் பத்து வீட்டு மளிகைச் சீட்டை வாங்குங்கள். வெளியிலிருந்து வரும் பொருள்களை அதிகச் செலவு முதல் குறைந்த செலவு வரை வரிசைப்படுத்துங்கள். அதில் நம் வயலில் விளையும் பொருள் எது என்று வட்டம் போடுங்கள். வட்டம் போட்டதில் ஒன்றே ஒன்றை எடுத்து, மேலே நெல்லுக்குப் போட்டது போல "எத்தனை ஏக்கருக்கு ஓர் ஆள் வேலை" என்று கணக்குப் போடுங்கள். அடுத்த இயக்கக் கூட்டத்துக்கு அந்தத் தாளை எடுத்து வாருங்கள். பத்து ஊர்த் தாள் சேர்ந்தால் ஓர் ஒன்றியத்துக்கான திட்டத்தைப் பேசத் தொடங்கலாம்.